இறந்தவர்களுக்கு நாலு வரி

முதலில் இந்தக் காபிக்கு நன்றி, மேடம். போலீஸ் ஸ்டேஷன் காபியை வாயில் வைக்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

என் பெயர் கிரூம். வயது ஐம்பத்தெட்டு. கப்ரோவோ நகரத்துக்குப் போகும் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து நோட்ஸ், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. ஆனால் என் வீட்டில் அடுப்பெரிவது அஞ்சலித் தாள்களால்தான். உங்களுக்குத் தெரியாததா? ஆள் போன அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, பிறகு வருஷா வருஷம். மேலே படம், நடுவில் நாலு வரி, கீழே துயரப்படும் குடும்பத்தாரின் பெயர்கள். வாசல் கதவு, பஸ் ஸ்டாப், விளக்குக் கம்பம், மரம் என்று ஒரு இடம் விடாமல் ஒட்டுவார்கள். இந்த ஊரில் இளசுகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டதால், தெருவில் எதிர்ப்படுகிற முகங்களில் பாதி நான் அச்சடித்தவைதான்.

படத்தை அவர்கள் கொண்டுவந்துவிடுவார்கள். நாலு வரிக்குத்தான் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் நானே எழுதிப் பார்த்தேன். "நீ போனாய். நாங்கள் இருக்கிறோம். மிகவும் வருத்தம்." ஒரு மகன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "அண்ணே, தண்ணி வராதுன்னு முனிசிபாலிட்டிக்காரன் ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருக்கே" என்றான். அடுத்த தாளுக்கு அவன் பக்கத்து ஊருக்குப் போய்விட்டான்.

அப்போதுதான் ராய்னா அக்காவின் பக்கம் இணையத்தில் கண்ணில் பட்டது. நம் ஊர்க்காரர்தான். பத்திரிகையில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. செத்துப்போனவர்களுக்காக வாரம் ஒரு நாலு வரி எழுதிப் பக்கத்தில் போடுவார். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

சாவியைக் கதவிலேயே விட்டுப் போனாய்.
நாங்கள் பூட்டவில்லை.
காற்று தள்ளும்போதெல்லாம்
எழுந்து பார்க்கிறோம்.

பார்த்தீர்களா, நீங்களே பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இதை அச்சடித்துக் கொடுத்த அன்று ஒரு கிழவர் கடையிலேயே உட்கார்ந்து அழுதார். பக்கத்து ஊர்க்காரர்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். பக்கத்தின் அடியில் "எடுப்பவர்கள் கேட்டுவிட்டு எடுக்கவும்" என்று போட்டிருந்தது உண்மைதான். ஆனால் சின்ன எழுத்து. என் கண்ணாடி பழசு.

மூன்றாவது மாதம் அக்கா கடைக்கே வந்துவிட்டார். நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கியபடி நின்றார். இதயத்துக்குள் ஏதோ கருவி வைத்திருப்பதாகவும், மாடி ஏறினாலே படபடப்பதாகவும் அவராகத்தான் சொன்னார். நான் நாற்காலி போட்டேன்.

"ஏன் தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவே?"

"அக்கா, எல்லாரும் பார்க்கற இடத்துல போட்டிருக்கீங்க. எல்லாருக்கும் பொதுன்னு நெனச்சுட்டேன்."

"சர்ச் வாசல்ல என் குடையும்தான் எல்லாரும் பார்க்கற இடத்துல கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போயிடுவியா?"

நியாயமான கேள்வி. எடுப்பதானால் எழுதியவர் பெயரைப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் மீது கோபமே கிடையாது. அதனால் அடுத்த தாளிலேயே, வரிகளுக்குக் கீழே "நன்றி: இணையம்" என்று போட்டேன். அந்த வீட்டுக்காரர்கள், இணையம் எதற்காக எங்கள் அப்பாவுக்கு நன்றி சொல்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு, சொற்களை மாற்றிவிட்டால் நம்முடையதாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். எலெக்ட்ரீஷியன் ஒருவர் இறந்தபோது சாவியை எடுத்துவிட்டு, "சுவிட்சைப் போட்டபடியே விட்டுப் போனாய்" என்று மாற்றினேன். அவர் செத்ததே ஷாக் அடித்துத்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

வேறு வழியில்லாமல் அக்கா கேட்டதைச் செய்தேன். அடுத்து இறந்துபோன ஒரு பெரியவரின் தாளில், நாலு வரிக்குக் கீழே "ராய்னா" என்று போட்டேன். அந்த இடத்தில் பெயர் இருந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்பதை யோசிக்காமல் விட்டது என் தவறு. மறுநாள் காலையில் அந்தப் பெரியவரின் விதவை பென்கா குடையோடு வந்து நின்றாள்.

"யாருய்யா அந்த ராய்னா? என் பேருக்கு மேல அவ பேரா? நாப்பத்தொரு வருஷம் இந்தாளுக்கு ஆக்கிப் போட்டவ நான். அழுறதுல மட்டும் அவ முந்திக்கிட்டாளா?"

நான் விளக்குவதற்குள் கிளம்பிவிட்டாள். சந்தையில் அக்காவைப் பிடித்து, முட்டைக்கோஸ் கடைக்கு முன்னால் குடையாலேயே இரண்டு போட்டாள். அக்கா கோபமாக வருவார் என்று காத்திருந்தேன். தோளைத் தடவிக்கொண்டே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"அடி பலம்தான். ஆனா பேரைப் படிச்சிருக்கா பாரு, அது போதும் எனக்கு."

ஆனால் செய்தி பரவிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குடும்பமும், வரி வேண்டும், ஊரான் வீட்டுப் பொம்பளை பெயர் வேண்டாம் என்றது. நான் பெயரை எடுத்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் அக்கா கடைசியாக வந்தார்.

"வக்கீலைப் பார்த்துட்டேன், கிரூம். புது வருஷத்துக்குள்ள ஒண்ணு என் பேரைப் போடு. இல்ல, என் வரியைத் தொடாதே. காசா கேட்டேன் உன்கிட்ட? எழுபத்தொரு வயசு. புள்ள குட்டி கெடையாது. எனக்குப் பின்னாடி என் பேரைச் சொல்ல இந்த நாலு நாலு வரிதான் இருக்கு."

என் நிலைமையையும் பாருங்கள். பெயர் போட்டால் வாடிக்கை போகும். வரி இல்லாவிட்டால் கடையே போகும். சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தேன். அதில் மட்டும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எழுதியவர் இறந்து எழுபது ஆண்டு கழித்துத்தான் எழுத்து எல்லாருக்கும் பொதுவாகுமாம். அந்த எழுபதும், இறந்த மறு ஆண்டின் ஜனவரி முதல் தேதியில்தான் எண்ணத் தொடங்குமாம். அதாவது ஒருவர் டிசம்பர் கடைசியில் போனால் சில நாளிலேயே தொடங்கிவிடும். ஜனவரி இரண்டாம் தேதி போனால் ஏறக்குறைய ஒரு வருஷம் வீண். இதை நான் தற்செயலாகத்தான் கவனித்தேன்.

எப்படியும் எழுபது ஆண்டு எனக்கு ஒத்துவராது. நூற்று இருபத்தெட்டு வயது வரை இருக்கிற உடம்பா இது? தினமும் காலையில் நெய் வழியும் பனிட்சாப் பலகாரமும் ராத்திரி ரக்கியா சாராயமும் இறங்குகிற உடம்பு. ஆனால் அடுத்த வரியிலேயே வழி இருந்தது. எழுதியவருக்குப் பிறகு வாரிசிடம் அனுமதி வாங்கலாம். அக்காவின் தம்பி மகன் வேலிஸ்லாவ் தலைநகர் சோபியாவில் இருக்கிறான். இருபத்தேழாம் தேதி அவனுக்குப் போன் செய்தேன்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதே. அத்தைக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவங்க எழுதினதை நான் எடுத்துக்கலாமா?"

"எழுதுவாங்களா என்ன? எனக்குத் தெரியவே தெரியாதே அண்ணே. தாராளமா எடுத்துக்குங்க."

பாருங்கள், கேட்டேன். கேட்காமல் எடுக்கிறவன் என்று என்னைப் பற்றி ஊரில் பேசுகிறார்கள்.

அக்கா கிறிஸ்துமஸுக்கு ஹிசார் ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போயிருந்தார். இருபத்தெட்டாம் தேதி காலை பஸ்ஸில் திரும்புவதாக அவரே பக்கத்தில் போட்டிருந்தார். அதிலிருந்த படமும் நன்றாக வந்திருந்தது. மடியில் இருந்த பூனையை மட்டும் வெட்டிவிட்டேன். பெயர், படம், பிறந்த தேதி, இறந்த தேதியாக அந்த இருபத்தெட்டு, நடுவில் அந்தச் சாவி வரிகள். வழக்கமாக ஒரு ஆளுக்கு இருபது தாள் அடிப்போம். இதற்கு ஒன்றே ஒன்றுதான் அடித்தேன். வீண் செலவு எனக்குப் பிடிக்காது.

அவர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கதவில், அவர் கண் உயரத்துக்குச் சரியாக ஒட்டினேன். மனுஷி கொஞ்சம் அதிரட்டும், பயந்து வழிக்கு வரட்டும் என்றுதான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். பயமுறுத்த நினைப்பவன் அன்றைய தேதியைப் போட்டிருக்க மாட்டான்.

நான் மேல் படிக்கட்டில் நின்றிருந்தேன். அவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். பை கீழே விழுந்தது. நான்கு வரியையும் வாய்விட்டுப் படித்தார். அடுத்து நெஞ்சைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவரோ கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். வரிகளுக்குக் கீழே நிதானமாகத் தன் பெயரை எழுதினார். அதன் பிறகுதான் படியில் உட்கார்ந்தார். நான் ஓரமாக இறங்கிப் போனபோது என்னைப் பார்த்து, "கிரூம், தம்பி, யாரையாச்சும் கூப்பிடேன்" என்றார். கடையைத் திறக்கிற நேரம் ஆகிவிட்டிருந்தது.

வேலிஸ்லாவ் மறுநாள் வந்தான். அதே தாளை மறுபடி அடித்துக் கொடுத்தேன். தேதியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இருபது பிரதி. பையன் கல்லாவுக்கு முன்னால் நின்று படித்தான். திரும்பப் படித்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அண்ணே, அத்தையை இவ்வளவு தெரிஞ்சவர் யாருண்ணே? இதை யாரு எழுதினது?"

எல்லாம் முடிந்துவிட்டது. வக்கீல் இல்லை, குடையோடு வரும் விதவை இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான நேரம் வராது. எனக்கு அப்போது மனசு நிறைந்திருந்தது, மேடம்.

"நான்தான் தம்பி" என்றேன். அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

மற்றதையெல்லாம் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கதவிலிருந்து எடுத்து உங்கள் மேசையில் வைத்திருக்கும் அந்த முதல் தாளில் ஒரே ஒரு திருத்தம் மட்டும். சிவப்பு மையில் இருக்கிற அந்தப் பெயரைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது என்னைக் கேட்காமல் சேர்த்தது.