நல்லெண்ணெய் தேய்த்த தொப்பி

– இந்தத் தோல் வாரத் தைக்க மாட்டேன் சீனிச்சாமி. இந்தத் தொப்பிக்கு இனிமே ஒரு ஊசி கூட ஏத்த மாட்டேன்.

– என்னண்ணே, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு சிலமலையில இருந்து நடந்து வந்துருக்கேன். வாரு அந்துபோச்சு, அத மட்டும் தச்சுக் குடுத்தா வெரசாக் கெளம்பிருவோம். தானியேலண்ணன் கைபட்டா ஆயுசுக்கும் நிக்கும்னு இவகிட்டச் சொல்லித்தேன் கூட்டியாந்தேன்.

– வாரு நிக்கும்ப்பா. தல நிக்காது. இங்கிட்டு வா. உள்ள கட்டவெரல வச்சு அமுக்கிப் பாரு.

– மெத்துனு இருக்கு.

– மெத்துனு இருக்கக்கூடாது. உள்ள ஒட்டியிருக்கறது பாட்டில் மூடிக்கு வைப்பாகளே, அந்தத் தக்கை. அடி விழுந்தா அது நசுங்கி அடிய வாங்கிக்கிறும். ஒருக்கா நசுங்குனா நசுங்குனதுதான். போடிமெட்டு வளைவுல மோட்டார் சைக்கிளோட விழுந்தேல்ல, அன்னைக்கு உன் தலைக்கு வர வேண்டியத அது வாங்கிருச்சு. அதோட அதுக்குச் சோலி முடிஞ்சது.

– வெளிய ஒரே ஒரு கீறல்தானண்ணே.

– எஸ்டேட்டுல இருந்து நெதம் ஏலக்காய் சாம்பிள் கொண்டாற ஆளு நீ. சோடக்காய் பாத்ததில்லையா? தோடு பச்சையா இருக்கும், உரிச்சா உள்ள அரிசி இருக்காது. இதுவும் அப்படித்தான். ஆமா, இது என்னப்பா பிசுபிசுன்னு? பசையெல்லாம் விட்டுல்ல வந்துருக்கு.

– நல்லெண்ணெய்ண்ணே. நாந்தேன் தேச்சேன்.

– ஏந் தங்கச்சி ராக்கு, தொப்பிக்கு எதுக்கு ஆத்தா எண்ணெய்?

– இவுக உசுரக் காப்பாத்துன தொப்பியில்ல. சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சு, வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் தேச்சு, சந்தனங் குங்குமம் வச்சு, சூடங் காட்டுறோம். இவுகதேன் அப்படிச் செய்யச் சொன்னாக.

– அடி வாங்கினது பாதி, எண்ணெய் மீதி. கும்புட்டுக் கும்புட்டே அதக் கொன்னுட்டீக.

– கும்புடாம என்ன செய்யச் சொல்றீக? கல்லுல மடேர்னு மண்டை போயி இடிச்சும் எந்திரிச்சு உக்காந்தேன்ல. அது சாமிண்ணே. சாமிய யாராச்சும் மாத்துவாகளா?

– அடுத்த தடவ அந்தச் சாமி உன்னக் கைவிட்டுரும். அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. புதுசு பாரு.

– அப்ப அந்தா மேல தொங்குதே பச்சத் தொப்பி, அதக் குடுங்க. கம்பீரமா இருக்கு.

– அது சண்டை முடிஞ்சு பட்டாளத்துல கழிச்சது. எவன் தலையில எத்தன அடி வாங்குச்சோ, யாரு கண்டா? கோழிக்குத் தண்ணி வைக்க வாங்கிட்டுப் போறாக, அதுக்குத்தான் தொங்க விட்ருக்கேன். உனக்குத் தர மாட்டேன். இந்தா, மதராஸ்ல இருந்து வந்தது, இதப் போடு.

– இறுக்குதுண்ணே. இன்னுங் கொஞ்சம் பெருசாக் குடுங்க. மேட்டுல பனி கொட்டும். தலையில துண்டக் கட்டிட்டு, அதுக்கு மேல மாட்டணும்.

– துண்டக் கழுத்துல சுத்திக்க. தொப்பி மண்டையில ஒட்டி நிக்கணும். வாரப் போட்டுட்டுத் தலைய ஆட்டு. தொப்பி தனியா ஆடுதா?

– இல்ல, நெத்தித் தோலும் சேந்துல்ல வருது.

– அதான் உன் அளவு. பின்னால இருந்து தள்ளுறேன், பாத்தியா, கழண்டு வரல. திங்கக்கிழம இதப் போட்டுக்கிட்டு மலையேறு.

– பாப்பம்ண்ணே.

– என்னத்தப் பாப்பம்? ராக்கு, இவன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

– நான் சொல்றேண்ணே. விழுந்து எந்திரிச்சதுல இருந்து இவுக வண்டியத் தொடவே இல்ல. மாட்டுக் கொட்டத்துல சாக்கு மூடிக் கெடக்கு, சீட்டுல கோழி முட்டையிடுது. கேட்டா வாரு அந்துபோச்சும்பாக. எஸ்டேட்டு ரைட்டரு ஆளு விட்டுச் சொல்லிட்டாரு. திங்கக்கிழம வரலேன்னா வேற ஆளப் போட்டுருவாராம்.

– ஏய், கடையில வச்சு இதையெல்லாமா சொல்லுவ?

– வேற எங்க வச்சுச் சொல்ல? வீட்டுல சொன்னா தொப்பியக் கும்புடப் போயிர்றீக.

– பயமாத்தேன் இருக்குண்ணே. அந்த வளைவ நெனச்சாலே வண்டி மேல போட்ட சாக்க எடுக்கத் தோணல. இந்தத் தொப்பி இருக்குல்ல, சாமி தொணைக்கு இருக்குன்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். அதையும் செத்துப்போச்சுன்னுட்டீக.

– விழுந்தவனுக்குப் பயம் வராம இருக்குமாப்பா? பழசு அடிய வாங்கிட்டு ஓஞ்சிருச்சு. புதுசுக்குள்ள தெம்பு முழுசா இருக்கு. அத நம்பி மெதுவா ஓட்டு.

– சரிண்ணே. ஆனா பழசக் குப்பையில போட மனசு வரலையே.

– குப்பையில எதுக்கு? அந்த வளைவுல கருப்பசாமி கல்லு இருக்குல்ல, அங்கன வச்சு சூடங் காட்டிட்டு வருவோம்.

– ராக்கு சொல்றது நல்ல ரோசன. ஆனா வாரப் பூராவும் அறுத்துட்டு வைங்க. இல்லேன்னா எவனாச்சும் எடுத்து மாட்டிருவான்.

– வைக்கிறதுக்கு யாரு போறது? பஸ்சு அந்த வளைவுல நிக்காது.

– பஸ்சு எதுக்கு? நாளைக்குக் காலையில நம்ம வண்டியில போவோம்.

– போவோமா? கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு தடவ ஏறு, ஒரு தடவ ஏறுன்னு கெஞ்சியிருக்கேன். பேய் வண்டின்னு கிட்டயே வர மாட்டியே நீ?

– இப்பவும் எனக்கு அது பேய் வண்டிதேன். ஆனா நீங்க தனியாப் பயந்தது போதும். தானியேலண்ணே, இந்தா கொண்டைய அவுத்துட்டேன். என் தலைக்கும் ஒண்ணு அளவு பாருங்க.