ஒரே ஒரு ஆள்

— நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்ட மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாரு. மூணாவது தடவை!

— என்ன குறையாம் இப்போ? நம்மள வறுத்தெடுக்கலன்னா புரொபசருக்குத் தூக்கமே வராதா, டாக்டர்?

— கத்தாத இன்ஜினியர், லைப்ரரி இது. “பாதியில படிப்ப விட்டுட்டுப் போறவங்களப் பத்தி இவ்வளவு பக்கம் எழுதியிருக்கீங்களே, அப்படிப் போன ஒருத்தர்கிட்டயாவது பேசினீங்களா?”ன்னு கேக்கறாரு.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ஆதாரம் வேணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்.

— வக்கீலம்மா, நீ சட்டத்த மாத்தணும்னுதான் சொன்ன. ஆளப் பாக்கணும்னு சொல்லவேயில்ல.

— ஆளப் பாக்கறது டாக்டர் வேலைன்னு விட்டுட்டேன்.

— நீ பாத்துப்பன்னுதான் நான் இருந்தேன்!

— என்னைப் பாக்காதீங்க. எனக்கும் மனுஷங்களுக்கும் என்ன சம்பந்தம்? கிளாசுக்கு வராதவங்களக் கண்டுபிடிச்சு மணி அடிக்கற ஆப் செஞ்சு குடுத்தேன். சிம்பிள் மேட்டர்.

— மணி யாருக்கு அடிக்கும், இன்ஜினியர்?

— ஆபீசுக்கு.

— கிழிஞ்சுது. அங்க போனையே எடுக்க மாட்டாங்க.

— சண்டைய அப்புறம் வச்சுக்குவோம், வக்கீல். நாளைக்குள்ள ஒரே ஒரு ஆள் கிடைக்கலன்னா மூணு பேரும் ஃபெயில்.

— சிம்பிள் மேட்டர். நம்ம குரூப்ல போடறேன். “படிப்ப நிறுத்தின யாராவது தெரியுமா? அவசரம்.” போட்டாச்சு.

— குரூப்ல யாரு இருக்கா? நாம மூணு பேரு, அப்புறம் மேத்ஸ் படிக்கற நம்ம ‘கணக்கு’. அவ எங்க பாக்கப் போறா!

— அவ பேச்சையே எடுக்காத டாக்டர், பத்திக்கிட்டு வருது. புள்ளிவிவரம் அவ பொறுப்பு. வந்தாத்தானே? வந்தாலும் கதவோரமா உக்காந்துட்டு நழுவிடுவா.

— எது கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒண்ணு அனுப்புவா. இப்போ அதுவும் இல்ல. சாப்பிடக் கூப்பிட்டா பசிக்கலம்பா. பெரிய மகாராணி!

— ஒரு நிமிஷம். வேலை செய்யாதவங்கள டீம்ல இருந்து எடுக்கலாம்னு விதி இருக்கு. மூணு பேரும் ஒத்துக்கணும், அவ்வளவுதான். இன்ஜினியர்?

— நான் ரெடி. ரெண்டு கையும் தூக்கறேன்.

— டாக்டர்?

— பாவமாத்தான் இருக்கு… ஆனா அவ வேலையையும் நானேதான் செஞ்சேன். சரி, எடுத்துடு.

— புரொபசருக்கு மெயில் போயாச்சு. அவளுக்கும் ஒரு காப்பி.

— அப்பாடா! தலைவலி விட்டுது. இப்போ நம்ம ஆளுக்கு வருவோம். விட்டுப் போறவங்கள முன்கூட்டியே கண்டுபிடிக்க அடையாளம் இருக்குன்னு எழுதினியே, டாக்டர். சொல்லு, தேடுவோம்.

— அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. எப்பவும் வாசலுக்குப் பக்கத்துல உக்காருவாங்க. கூட சாப்பிட வர மாட்டாங்க. பேச்சு குறைஞ்சு குறைஞ்சு, கடைசியில பதிலே…

— பதிலே? ஏன் நிறுத்திட்ட? முகமே மாறிடுச்சு.

— வக்கீல், அந்த மெயில திரும்ப வாங்க முடியுமா?

— போனது போனதுதான். ஏன்… ஐயோ. டாக்டர், நாம…

— நாம யாராவது ஒருநாளாவது அவளுக்குப் போன் பண்ணினோமா? நான் பண்ணல. நான் டாக்டருக்குப் படிக்கறேன், எனக்குக்கூடத் தோணல!

— என்ன ரெண்டு பேரும் புதிர் போடறீங்க? இருங்க, குரூப்ல யாரோ பதில் போட்டிருக்காங்க. அட, கணக்கு!

— படி, இன்ஜினியர். சத்தமா.

— “மெயில் பாத்தேன், என்னை டீம்ல இருந்து எடுத்தது சரிதான். நான் காலேஜ விட்டே பத்து நாளாச்சு. ஒரு ஆள் வேணும்னு போட்டிருக்கீங்களே, நான் வரட்டுமா?”