பளீலின் மறுமொழி

— நெருப்புக்கிட்ட இருந்து றபான எடுங்க மச்சான். இன்னும் சூடு பட்டாத் தோல் வெடிச்சிரும்.

— இன்னும் இறுகல்ல ஜெமீலா. தட்டிப் பாரு, தொப்புத் தொப்புண்டு கேக்குது.

— அது கிடக்கட்டும். இஞ்சித்தண்ணி குடிச்சீங்களா?

— ரெண்டு கோப்பை. கை கால் கழுவி ஒளு எடுத்து, விரலுக்கு எண்ணெயும் தேச்சிட்டன்.

— பிறகென்ன, வெளிக்கிடுங்க. சுனாமி ஊட்டுத்திட்டத்துல முதல் கலியாணம். சண்டையும் முடிஞ்சு, காரைதீவால இருந்தும் ஆக்கள் வாறாங்களாம் உங்கட பைத்துப் பாட்டுக் கேக்க.

— றஸாக்குக்கு ஏலாதாம்டு கலியாண ஊட்டுக்குச் செல்லி அனுப்பு புள்ள, நான் வரல்ல.

— இதென்ன கதை? ஒரு மாசமா ஐஸ்தண்ணி இல்ல, தயிர் இல்ல, விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பித் தொண்டை பழகினது இதுக்கா?

— தொண்டை நல்லாத்தான் இரிக்கி. மனசுதான் ஏலாம இரிக்கி. நான் கேள்வியப் பாடிட்டு, ஒன்ட கூடப்பொறந்த காக்கா பளீல் மறுமொழி பாடுவான்டு நிப்பாட்டுறன். அவன் கடலோட போய் அஞ்சு வருசமாகப் போகுது, இன்னும் நிப்பாட்டுறன். மத்தவனுகள் தாளந் தப்பி என்னப் பாக்கிறானுகள்.

— காக்காட இடத்துல உங்கட கூட்டத்து ஸிராஜ் பாடுறன்டானே?

— என்னத்தப் பாடுற? பளீல் ஒண்டையும் எழுதி வெக்கல்ல. எல்லாம் அவனோட மௌத்தாப் போச்சு.

— எனக்கு முன்னால ஒருக்காப் பாடுங்க. கேள்விய மட்டும்.

— ம்... "தூணில்லா வானமிது துவண்டு விழாததென்ன?"

— "தாங்குறவன் றஹ்மானே, தூணெதற்குத் தோழரே!"

— அல்லாஹ்! அதேதான்! அவன் ஒனக்குச் செல்லித் தந்தானா?

— இல்ல. நம்மட ஊட்டுல பாடிப் பழகக்குள்ள காக்கா நெடுகக் குசினிக்கு ஓடி வருவாரே, ஞாபகமிரிக்கா?

— ஓம், பத்துத்தரம் தண்ணி குடிப்பான். தொண்டை காயுதாம்.

— அவருக்குத் தொண்டை காயல்ல மச்சான், மறுமொழிதான் வராது. மீன் கழுவிக்கிட்டே நான் கட்டிக் குடுப்பன், அதக் கொண்டு வந்து பாடுவார்.

— எல்லாமா?

— எல்லாம்.

— இவ்வளவு நாளும் ஏன் புள்ள வாயத் திறக்கல்ல?

— மௌத்தான மனிசன்ட பேர நான் பறிக்கிறதா? ஆனா இண்டைக்கு நீங்க போகாட்டி அந்தப் பேரும் போயிரும். எழும்புங்க, ஸிராஜக் குசினிக்குக் கூட்டி வாங்க. இனி அவன்ட தொண்டையும் கொஞ்சம் காயட்டும்.