ஓரகத்தியின் மூக்கு

சோம்பு வறுக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க டாக்டர். வெறும் சட்டி, சின்னத் தீ, கை நிக்காம கிளறணும். முதல்ல ஒரு பச்சை வாசனை வரும், அப்புறம் இனிப்பா ஒண்ணு. அது வந்ததுமே வேற தட்டுல கொட்டிடணும், இல்லைன்னா சட்டிச் சூட்டுலயே கருகிடும். நான் இருபத்திரண்டு வருஷமா எண்ணித்தான் இறக்குறேன். தொண்ணூறு எண்ணினா சரியா இருக்கும்.

வெளியே உட்கார்ந்திருக்காளே, என் கொழுந்தன் பொண்டாட்டி, அவ எண்ண மாட்டா. கண்ணை மூடிக்கிட்டு நிப்பா, மூக்கு சொன்னதும் இறக்குவா. எங்க குடும்பத்துச் சாப்பாட்டுக் கடைக்கு வந்த மூணாவது நாளே மீன் சூப் வச்சா. என் மாமனார் குடிச்சுப் பார்த்துட்டு, "சோம்புக்கு இப்படி ஒரு மணம் இருக்குன்னு இன்னைக்குத்தான்மா தெரியுது"ன்னார். பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். அப்ப இத்தனை வருஷமா அந்த மனுஷன் என்னத்தைக் குடிச்சாராம்? வயிறு எரிஞ்சுது, இல்லைன்னு சொல்லலை. மறுநாளே கரண்டி அவ கைக்குப் போச்சு, எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை.

அவளை எனக்குப் பிடிக்கும், அதையும் எழுதிக்கங்க. அக்கா அக்கான்னு வாய் ஓயாது. வெங்காயத்துல என் கண்ணு கலங்கினா ஈரத்துணியோட ஓடி வர்றதும் அவதான்.

சூப்புல கொதிச்சு வடிகட்டின சோம்பு குப்பைக்குத்தானே போகும்? அதை அலசி மொட்டை மாடியில காயப்போட்டேன். ரெண்டு வெயில்ல புதுசு மாதிரி ஆயிடுச்சு, கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். டப்பா நிரப்புறது என் பொறுப்பு. நிரப்பினேன்.

அன்னைக்கு அவ சட்டி முன்னால கண்ணை மூடி நின்னா, நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. கடைசியில புகைதான் வந்துச்சு.

"அக்கா, வாசனையே வரலையே?"

"எனக்குத் தெருமுனை வரைக்கும் மணக்குதேம்மா. சளி பிடிச்சிருக்கும்"னேன்.

மேசைக்குக் கிண்ணம் கொண்டுபோறதும் நான்தானே. போற வழியில, நான் எண்ணி வறுத்த பொடியை ஒவ்வொண்ணுலயும் ஒரு சிட்டிகை தூவினேன். வந்தவங்க வழிச்சு நக்கிட்டு, சோம்பு பிரமாதம்னாங்க. உள்ளே பானையை மோந்து மோந்து பார்த்தவளுக்கு மட்டும் ஒண்ணும் தெரியலை. மூணு மாசம் இப்படியே போச்சு. அப்புறம் அவளே கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினா. "நீங்களே வைங்கக்கா, எனக்குப் போயிடுச்சு"ன்னா. நான் பிடுங்கலை.

போன வாரம் பாவமா இருந்துச்சு. கண்ணை மூடச் சொல்லி, நல்ல சோம்பு டப்பாவைத் திறந்து மூக்குக்கிட்ட நீட்டினேன். முகமே மலர்ந்துபோச்சு. "வருதுக்கா, வருது"ன்னு கத்தினா. முன்னால கல்லாவுல இருந்த மாமனார் எட்டிப் பார்த்தார். நான் மெதுவா மூடியைப் போட்டுட்டு, "கண்ணைத் திறம்மா, நான் இன்னும் டப்பாவையே திறக்கலையே"ன்னேன்.

அதுல இருந்துதான் இப்படி இருக்கா. பால் கெட்டுப்போச்சான்னு என்னைக் கேக்குறா. தன் குழந்தை உச்சந்தலையை மோந்து பார்த்துட்டு, "வாசனை நிஜமாவே வருதாக்கா, இல்லை எனக்குத் தோணுதா?"ன்னு அதையும் என்னைத்தான் கேக்குறா. சில நாள் வருதுன்னு சொல்லுவேன்.

நேத்து நீங்க காப்பிப்பொடி, சோப்பு, எலுமிச்சைன்னு வச்சுப் பார்த்தீங்க. எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னா, ஆனா ஒவ்வொண்ணுக்கும் முன்னால என் முகத்தைப் பார்த்தா. நீங்க அதைக் கவனிச்சதாலதானே இன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டீங்க? அவ மூக்குல ஒரு கோளாறும் இல்லை. நீங்க சொன்னது சரிதான்.

ஆனா தலைக்குள்ள படம் எடுக்கணும்னு சீட்டு எழுதிட்டீங்க. அந்தக் குழாய்க்குள்ள தனியாப் படுக்கணுமாமே. அவ பயந்தாங்கொள்ளி, நேத்துல இருந்து சாப்பிடலை. அதனாலதான் இவ்வளவையும் சொன்னேன். அந்தச் சீட்டைக் கிழிச்சிடுங்க. அவகிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, அடுப்புப் பக்கம் மட்டும் போகவேண்டாம்னு சொன்னா போதும். அவ பயப்படுறதைப் பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியாது டாக்டர். எனக்குக் கொஞ்சம் இளகின மனசு.