விழ மறுத்த வீடு

"ஹலோ... ஆமா, அப்பாதான்... சுருக்கமா சொல்லும்மா, ஆள் வந்திருக்காங்க... என்னது? விழலையா?"

கட்டட ஒப்பந்தக்காரரின் முகம் மலர்ந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே, புது வீட்டு வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்துக் காத்திருந்த கண்ணாடிக்கார அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். ஒப்பந்தக்காரருக்குப் பின்னால் சுவரில், 'நாங்கள் கட்டினால் அசையாது' என்று அவரே எழுதி, அவரே சட்டம் போட்டு மாட்டிய வாசகம்.

"பலமா ஆட்டினியா?... அப்பவும் நிக்குதா! அப்பா கை பட்டதும்மா, அப்படித்தான்... ஏய், ஏன் கத்துறே?... ஆமா... ஆமா ஆமா, விழணும்தான்... தெரியும்டா கண்ணு..."

தெரியும். பள்ளி அறிவியல் போட்டியில் நிலநடுக்கத்தை விளக்க மகள் போட்ட திட்டம் அது. கோலிக்குண்டுகளின் மேல் ஒரு தட்டு. தட்டின் மேல் இரண்டு குச்சி வீடுகள். ஆட்டினால் ஒன்று நிற்க வேண்டும், மற்றது சரிய வேண்டும். நிற்க வேண்டியதை அவளே கட்டினாள். சரிய வேண்டியதை, ஏதோ பாசத்தில், அப்பாவிடம் விட்டாள். ஒட்டியும் ஒட்டாமலும் வைத்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஆனால், தான் கட்டிய வீடு ஊர் பார்க்க விழுவதா? மூலைக்கு மூலை பசை விழுந்தது.

"கூரைக்குள்ளயா?... அது ஒண்ணே ஒண்ணு, குறுக்குக் குச்சி... சரி, நாலு... மனசு கேக்கலம்மா... நடுவருங்க எங்க இருக்காங்க?... எரிமலை செஞ்ச பையன்கிட்டயா? அப்போ நேரமிருக்கு... என்ன, பொங்கலையா? வெறும் புகைதான் வருதா? பாவம்... சிரிக்காதே, அடுத்தது நீதான்... அழவும் வேணாம்! கத்தரி இருக்கா? உன் வீடு நிக்கணும், என் வீடு விழணும், அவ்வளவுதானே?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முதல்ல குறுக்குக் குச்சியை வெட்டு... வெட்டிட்டியா? ஆட்டு... இன்னும் நிக்குதா? பாத்தியா பசையை!... இல்லம்மா, பெருமை பேசல... சரி, கீழ்த்தளத்துச் சுவரையெல்லாம் பிடுங்கிடு. வெறும் தூண் மட்டும் நிக்கட்டும்... ஆமா, கார் நிறுத்த விடுவோமே, அதே மாதிரி... மேல கனம், கீழ காலி. லேசா ஆட்டினாலே கால் மடங்கிடும்... இல்லடா, எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க. பாக்க அழகா இருக்குமில்ல..."

அம்மாளின் விரல் மெதுவாக வரைபடத்தின் கீழ்ப்பக்கம் போனது. அங்கே மெல்லிய தூண்கள் நான்கு. நடுவே இரண்டு கார்கள். சற்று முன்புதான் ஒப்பந்தக்காரர் தன்னுடைய யோசனை என்று மார்தட்டிக்கொண்ட இடம். விரல் அங்கிருந்து நகரவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை, எழுந்தே நின்றுவிட்டார்.

"வந்துட்டாங்களா?... வைச்சுடாதே, போனை அப்படியே கையில பிடிச்சுக்கோ... ம்... ம்... எவ்வளவு அழகா விளக்குறா... ம்... விழுந்துடுச்சா! மொத்தமாவா? அடி சக்கை! கைதட்டுறாங்களா?... உன்னுது?... ஆடிட்டு நின்னுடுச்சா! அற்புதம்!... விழுந்ததை யார் கட்டினதுன்னு கேக்குறாங்களா? சொல்லு, தைரியமா சொல்லு! எங்கப்பா கட்டினது, இருபது வருஷமா இதே தொழில்தான்னு சொல்லு!"

அப்போதுதான் வரைபடத்துத் தூண்கள்மேல் நின்ற அம்மாளின் விரல் அவர் கண்ணில் பட்டது. வாயைப் பொத்த வேண்டியவர் போனைப் பொத்தினார்.

"இல்லீங்க, இது... குச்சி வீடுங்க... பொண்ணு பள்ளிக்கூடத்துல... என்னங்க?... யார்கிட்ட பேசணும்?... நின்ன வீட்டைக் கட்டினவங்ககிட்டயா?... அவ ஒன்பதாவதுதாங்க படிக்கிறா... சரிங்க... சரிங்க, கேக்குறேன்."

கையை எடுத்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"கண்ணு... ஒருத்தங்க வரைபடத்தோட வந்திருக்காங்க. கீழ்த்தளத்தைப் பத்தி உன்கிட்டதான் கேக்கணுமாம்... ஆமா, அதே மாதிரி தூண்தான்... ஆமா, நான் சொன்னதுதான்... திட்டாதேம்மா, பக்கத்துலயே இருக்காங்க... என்ன, நடுவர் மறுபடி ஆட்டச் சொல்றாரா?... அதுவரைக்கும் அவங்களை உக்காரச் சொல்லணுமா? நான் வரைபடத்துல கையே வைக்கக் கூடாதா?... சரிங்க... சே, சரிம்மா... ஹலோ?... ஹலோ?"