பித்தளை லாரி

சர்க்கரை இல்லாத டீ என்று சொன்னதை மறக்காமல் கொடுத்தீர்கள், நன்றி இன்ஸ்பெக்டர் சார். தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்து வந்ததும் பெரிய உதவி. கோபம் வந்தால் எனக்கு ஹிந்தி ஓடாது. இப்போது கோபம் ஒன்றும் இல்லை.

என் பெயர் கஸ்தூரிரங்கன். லாரி ஆர்டர்களைப் பார்த்து, சந்தை எப்போது உச்சம் தொடும் என்று சொல்வது என் வேலை. ஆர்டர் ஏறும், குவியும், ஒரு நாள் சரியும். பழைய ஏற்ற இறக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வரப்போவது தெரிந்துவிடும். போன உச்சத்தை மாதம் பிசகாமல் சொன்னதற்காக லாரிக்காரர்கள் சங்கம் கொடுத்த பரிசுதான் அந்தப் பித்தளை லாரி. நல்ல கனம். மயூர் விஹார் வீட்டில் டிவி பக்கத்தில் வைத்திருந்தேன்.

அடுத்த உச்சம் வருகிற தீபாவளிக்கு. திங்கட்கிழமை கருத்தரங்கில் அறிவிக்க இருந்தேன். ஞாயிறு மதியம் ஸ்ரீவத்ஸன் வந்தான். என் உதவியாளன், டில்லியிலேயே வளர்ந்தவன். என் மனைவி ஜலஜாவின் மோர்க்குழம்பு என்றால் உயிர். அவள் கோவிலுக்குப் போயிருந்தாள்.

டீலர்களிடம் விசாரித்தானாம். வண்டி கிடைக்காதோ என்ற பயத்தில் ஒரே முதலாளி மூன்று டீலர்களிடம் பதிகிறாராம். முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்துவிடுவாராம்.

"ஒரே லாரிதான் சார். தீன் ஜகா, மூணு இடத்துல புக் பண்ணிருக்கான். நீங்க மூணுன்னு எண்ணிட்டீங்க. பீக் போன வருஷமே முடிஞ்சுடுத்து."

மேடையில் இதைச் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லித்தானே ஆகணும் சார்."

குரலில் மரியாதை குறையவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருடம் உச்சத்தைச் சொன்னவன் நான். தண்ணீர் எடுக்கத் திரும்பினான். பித்தளை லாரியால் பின்மண்டையில் அடித்தேன். மண்டை உள்ளே அமுங்கியது கையில் தெரிந்தது. விழுந்த பிறகு நெற்றியில், அப்புறம் வாயில். பல் ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டது. ஜலஜா வருவதற்குள் தரையைத் துடைத்துவிட வேண்டுமே என்று கவலையாக இருந்தது.

எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். 'மூன்று முறை அடித்துக் கொன்றார்' என்று எழுதியிருப்பதை மட்டும் திருத்துங்கள் சார். முதல் அடியிலேயே உயிர் போய்விட்டதாக உங்கள் டாக்டரே சொல்கிறார். ஒரே அடிதான், மூன்று இடத்தில் பதிவாகியிருக்கிறது. அதை ஒன்று என்றுதான் எண்ண வேண்டும்.