ஒன்பதாம் பொத்தான்

பெருவிரல் படும் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் கூடுதலாக உள்ள மவுஸை வாங்குவோரில் பெரும்பாலோர் அவற்றைத் தொடுவதே இல்லை. உங்கள் தங்கையும் அப்படித்தான் இருந்தாள், மைத்துனரே. அவள் பணிபுரிந்த அகராதிப் பதிப்பகத்தார் அதை அனுப்பிவைத்தபோது, எங்கள் லினக்ஸ் கணினியில் அவ்விரண்டும் ஊமையாகவே கிடந்தன.

ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குப் பொழுது மிகுதி. அழுத்தப்படும் பொத்தானின் எண்ணைத் திரையில் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதைக்கொண்டு அவை எட்டு, ஒன்பது என அறிந்தேன். எட்டை அழுத்தினால் நகலெடுக்கவும், ஒன்பதை அழுத்தினால் ஒட்டவும் வேண்டுமென ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தேன்.

"வாத்தியாருக்குப் பயந்து ஊமையும் பேசுதே!" என்று சிரித்தாள். இல்லறத்தில் அவள் என்னைப் பாராட்டிய சில தருணங்களுள் அது ஒன்று.

அடுத்த மாதம், வீட்டிலிருந்தபடி அவள் செய்துவந்த பதிப்பு முடிந்ததும் அவளைத் தலைமைப் பதிப்பாசிரியராக்குவதாகக் கடிதம் வந்தது. நாள்தோறும் அலுவலகம் செல்ல வேண்டும். நான் பகலுணவைத் தனியே உண்ண நேரிடும். இதை அவளிடமே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால், தன்னலக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று வருந்தியிருப்பாள். அவள் வருந்துவதை நான் விரும்பவில்லை.

ஆகவே அக்கோப்பில் சில வரிகள் சேர்த்தேன். நாற்பது முறைக்கு ஒருமுறை, ஒன்பதாம் பொத்தான் அவள் அப்போது நகலெடுத்ததை விடுத்து, முந்தின நாள் நகலெடுத்ததை ஒட்டும்.

தொடக்கத்தில் வேடிக்கையாகவே இருந்தது. 'மாமியார்' என்பதற்கு நேரே, 'ஓட்டினுள் தலையை இழுத்துக்கொள்ளும் பிராணி' என்று அச்சுப்படியில் வந்துவிட்டது. என் தாயார் அப்போது உயிருடன் இல்லாதது நல்லதாயிற்று.

பதிப்பாளர் தொலைபேசியில், "என்னம்மா, வீட்டுத் தகராறை அகராதியில வந்து தீத்துக்கிறீங்களா?" என்றாராம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பதினோராவது பிழைக்கு எவரும் சிரிக்கவில்லை.

"நான் சரியாத்தாங்க ஒட்டினேன். எப்படி இப்படி ஆகுது?"

"விடும்மா, வயசாகுதில்ல" என்றேன். கடிந்துகொள்ளவே இல்லை.

அவள் ஒவ்வொரு பதிவையும் மும்முறை சரிபார்க்கலானாள். பின்னர் மேசையெங்கும் குறிப்புச்சீட்டுகள் முளைத்தன. மருத்துவர் படமெடுத்துப் பார்த்து, மூளையில் குறையேதும் இல்லை என்றார். தன் மனம் நோகக்கூடாதென்றே அவர் அவ்வாறு கூறியதாக அவள் நம்பினாள். நான் மறுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை பணிவிலகல் கடிதம் எழுதி, பிழை இருக்குமோ என்றஞ்சி, திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தாள். அதில் பிழை ஒன்றுகூட இல்லை. இருப்பினும் இரண்டு இடங்களில் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன்.

அதன்பின் அவள் கணினிப் பக்கமே வரவில்லை. கோப்பை அழிக்க வேண்டுமென்பதை நான் மறந்துவிட்டேன். உங்கள் அலுவலுக்கென்று கணினியை நீங்கள் எடுத்துச்சென்ற பிறகுதான் நினைவு வந்தது.

இப்போது நாங்கள் சேர்ந்தே உண்கிறோம். "அடுப்பை அணைச்சேனாங்க?", "நான் மாத்திரை போட்டுட்டேனா?" என்று எதையும் என்னைக் கேட்டே உறுதிசெய்துகொள்கிறாள். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் விடை சொல்கிறேன். பெரும்பாலும் உண்மையையே சொல்கிறேன்.

கோப்பை அவளிடம் காட்டப்போவதாகச் சொன்னீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். நீங்கள் சொல்வது மெய்தானா என்று அவள் என்னிடம்தான் வந்து கேட்பாள்.